டிக்கெட் வாங்கியவன் பேசத்தான் செய்வான்

குற்றாலத்தில் மழை வலுத்து, பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழத் தொடங்கினால் குளிக்கத் தடை விதிப்பார்கள். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே துண்டைத் தோளில் போட்டுத் திரும்புவார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோன பிறகு, அந்த முணுமுணுப்பும் குறைந்துவிட்டது. அது உயிர் காக்கும் தடை. எங்களுக்கு அதில் சண்டையில்லை.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு தடை கேட்கப்பட்டது. ‘கங்குவா’ நவம்பர் 14 அன்று வெளியாகி, பார்த்தவர்கள் பலர் முகம் சுளித்த ஒரு வாரத்திற்குள், தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை விடுத்தது. திரையரங்க வளாகத்திற்குள் யூடியூப்காரர்களை நுழையவிடாதீர்கள், முதல் நாள் முதல் காட்சி முடிந்து வருகிறவர்களிடம் கருத்துக் கேட்கவிடாதீர்கள் என்பது அதன் சாரம். ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய மூன்றும் இத்தகைய பேச்சால் பாதிக்கப்பட்டதாக அறிக்கை சொன்னது. அதோடு நிற்கவில்லை. படம் வெளியாகி மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவையும் தட்டினார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 2025 ஜூனில் அந்தக் கோரிக்கையையே ஏற்க மறுத்தது. மலைக்கு அந்தப் பக்கம், செங்கோட்டையைத் தாண்டினால் வருகிற கேரளத்திலும் கதை இதுதான். அங்கே உயர் நீதிமன்றத்திற்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், விமர்சிப்பவர்கள் 48 மணிநேரம் பொறுத்திருக்கலாம் என்று 2024 மார்ச்சில் பரிந்துரைத்தார்.

வெள்ளத்தில் குளிக்கத் தடை விதிப்பது குளிப்பவனைக் காக்க. படம் பார்த்தவனைப் பேசாதே என்பது யாரைக் காக்க?

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுவது முறை. நாங்கள் விமர்சகர்கள் அல்லர். தென்காசியிலும் குற்றாலத்திலும் சுற்று ஊர்களிலும் இருந்துகொண்டு, சிறுபத்திரிகை வாசிப்பையும் இரண்டாம் ஆட்டத்தையும் ஒன்றுபோல விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற சில நண்பர்கள். படத்தொகுப்பு, வண்ணத் திருத்தம் என்று எதுவும் எங்களுக்குக் கைவந்த தொழில் இல்லை. எங்களிடம் இருப்பது டிக்கெட் வாங்கிய காசு, மூன்று மணி நேரம், கொஞ்சம் ஞாபகம். இந்த மூன்றையும் கொடுத்தவனுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உடனே வந்துவிடுகிறது, அதற்கு ஆறப்போடும் காலம் எதுவும் கிடையாது என்பதே எங்கள் கட்சி. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம் சரக்கு சேவை வரியும் சேர்த்தே கொடுக்கிறோம். வரி வாங்கும்போது நாங்கள் நுகர்வோர். வாய் திறக்கும்போது மட்டும் விரோதிகளா? பிரானூர் பார்டரில் புரோட்டா தின்றவன் கை கழுவும்போதே ருசியைச் சொல்லிவிடுகிறான். மூன்று நாள் கழித்துச் சொல் என்று எந்தக் கடைக்காரரும் இதுவரை கேட்டதில்லை.

பேச்சால் படம் அழிகிறது என்கிறார்கள். ‘கங்குவா’வையே எடுத்துக்கொள்வோம். சத்தம் தாங்கவில்லை என்று சொன்னது வம்புக்கு அலையும் கூட்டம் மட்டுமா? படத்தின் நாயகரின் மனைவியும் நடிகையுமான ஜோதிகா, படத்திற்கு ஆதரவாக எழுதிய குறிப்பிலேயே முதல் அரைமணி நேரம் சரியாக அமையவில்லை, ஒலி உறுத்துகிறது என்று ஒப்புக்கொண்டார். ஒலியைக் குறைத்து வைக்கும்படி திரையரங்குகளுக்குத் தயாரிப்புத் தரப்பே சொன்னது. பிறகு படத்தில் சில நிமிடங்கள் வெட்டவும் பட்டன. அதே ஆண்டு ஜூலை 12 அன்று வெளியான ‘இந்தியன் 2’ இரண்டே நாளில் சுமார் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. யார் சொல்லிக் குறைத்தார்கள்? முதல் நாள் காசு கொடுத்து உள்ளே போய், வெளியே வந்து “நீளம் தாங்கலை” என்று சொன்னானே, அவன் சொல்லித்தான். அவனுடைய கருத்தை வாங்கிச் சரக்கைத் திருத்திக்கொண்டு, அவனுடைய வாயை மட்டும் பொத்த வேண்டும் என்பது என்ன நியாயம்? மூன்று நாள் மௌனம் காத்திருந்தால் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அந்த இரைச்சலும் இன்னும் எத்தனை பேர் தலையில் இறங்கியிருக்கும்!

இந்தக் கோரிக்கையின் உள்விவகாரம் எல்லோருக்கும் தெரிந்ததே. பெரிய நட்சத்திரப் படம் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அரங்குகளில் இறங்குகிறது. போட்ட பணத்தின் பெரும்பகுதியை முதல் வார இறுதியிலேயே அள்ளிவிட வேண்டும் என்பது கணக்கு. அந்த மூன்று நாளில் மக்களை உள்ளே இழுப்பது படம் அல்ல. பாட்டு, முன்னோட்டம், மேடைப் பேச்சு, சுவரொட்டி, நாயகன் மீதான பக்தி. திங்கட்கிழமை முதல்தான் படம் தன் காலில் நடக்க வேண்டும். ஆகவே மூன்று நாள் மௌனம் என்பதற்கு ஒரே பொருள்தான் உண்டு: சரக்கு எப்படி என்று தெரிவதற்குள் கடை முழுவதையும் விற்றுவிட வேண்டும்.

சிறிய படத்தின் நிலைமை நேர் எதிர். அதற்குச் சுவரொட்டி கிடையாது. இரண்டு காட்சி கிடைத்தால் அதிகம். வெள்ளிக்கிழமை பார்த்தவன் சனிக்கிழமை வாய் திறக்காவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை அது அரங்கிலேயே இருக்காது. 1999-இல் ‘சேது’ வாங்க ஆளில்லாமல் கிடந்து, ஒரு சில அரங்குகளில் ஒட்டிக்கொண்டு வெளிவந்து, பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லித்தான் நிமிர்ந்தது. 2024 செப்டம்பரில் ‘லப்பர் பந்து’வும், 2025 மே 1 அன்று ஒரு பெரிய நட்சத்திரப் படத்தோடு மோதி வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் பிழைத்தது எதனால்? “போய்ப் பாருடே, நல்லாருக்கு” என்ற ஒரே வாக்கியத்தால். மூன்று நாள் மௌனம் சட்டமாகியிருந்தால் பெரிய படம் தப்பித்திருக்கும், சிறிய படம் செத்திருக்கும். திரைத்துறையைக் காக்கிறோம் என்பவர்கள் திரைத்துறையின் எந்தப் பாதியைக் காக்கிறார்கள் என்பதை வாசகர்கள் கணித்துக்கொள்ளலாம்.

“சாதாரணப் பார்வையாளனுக்கு என்ன தெரியும்?” என்பது அடுத்த வாதம். இதற்கு வாதத்தால் பதில் சொல்வதைவிட, அண்மைக்காலத்தில் பார்த்த சில படங்களைப் பற்றி எங்களுக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறோம்.

‘இந்தியன் 2’: 1996-இல் வந்த முதல் படத்தில் ஒரு தகப்பன் தன் கொள்கைக்காகப் பெற்ற மகனையே கொல்கிறான். அந்தத் துயரம்தான் அந்தப் படம். இரண்டாம் பாகத்தில் அந்தக் கிழவருக்கு இழப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆகவே பார்ப்பவனுக்கும் இல்லை. இன்னொன்று, வர்மம். தென் மாவட்டங்களில் வர்ம ஆசான்களைத் தெரிந்தவர்கள் ஏராளம். கழுத்து பிடித்துக்கொண்டால் நாங்கள் தேடிப் போவதும் அவர்களைத்தான். எங்களுக்குத் தெரிந்த வர்மம் அடிப்பதைவிட இளக்குவதில் அக்கறை கொண்டது. திரையில் அது ஆளைக் குதிரைபோல ஓடவிடும் மாயவித்தையாக வரும்போது எங்கள் வரிசையில் எழுந்த சிரிப்பு, இயக்குநர் எதிர்பார்த்த சிரிப்பு அல்ல.

‘வாழை’: 2024 ஆகஸ்ட் 23. தாமிரபரணிக் கரையின் ஒரு சிறுவன், விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும் என்பதற்காகவே விடுமுறையை வெறுக்கிறான். தார் சுமந்தவர்கள் எங்களோடு அமர்ந்து பார்த்தார்கள். சிறுவனின் கழுத்து கோணும் விதத்தைப் பார்த்து ஒருவர் தம் பிடரியைத் தடவிக்கொண்டார். அந்தக் கை தடவியது ஒரு விமர்சனம் இல்லையென்றால் வேறு எது விமர்சனம்? குறையும் உண்டு. ஆசிரியை மீதான சிறுவனின் பிரியத்தைப் பாட்டும் குளிர்ச்சியுமாகத் தேவைக்கு மேல் நீட்டிவிட்டார்கள் என்பது எங்களில் பாதிப் பேரின் எண்ணம். மறுபாதி, அந்த இனிப்பு இல்லாவிட்டால் முடிவின் கசப்பு இறங்கியிருக்காது என்கிறது. வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

‘கொட்டுக்காளி’: அதே நாளில் வந்தது. பின்னணி இசையே இல்லாத படம். பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணைச் சாமியாரிடம் கூட்டிப்போகும் ஒரு பயணம். அவள் ஏறக்குறைய பேசுவதே இல்லை. முடிவைச் சொல்லாமல் படம் நின்றுவிட்டபோது அரங்கில் சிலர் திட்டினார்கள், உண்மைதான். இத்தகைய படத்தைத் திரையரங்குக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று திரைத்துறைக்குள்ளிருந்தே குரல் எழுந்தது. நாங்கள் கேட்ட திட்டு வேறு மாதிரியானது. “இப்ப அவன் என்ன செய்வான்? கூட்டிட்டுத் திரும்பிருவானா, இல்ல உள்ள தள்ளிருவானா?” என்று வெளியே வண்டி எடுக்கும் இடத்தில் ஒரு குடும்பம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. கணவர் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி. முடிவைப் பார்வையாளனிடம் விட்ட இயக்குநருக்கு இதைவிட மரியாதை வேண்டுமா? திட்டினார்கள் என்பதற்காக அவர்களுக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டியவர்கள்தான் அந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள்.

எங்கள் ஊர்களுக்கு இந்த விஷயத்தில் கூடுதலாக ஒரு வழக்கு உண்டு. தமிழ்த் திரைக்கு நாங்கள் வெகுகாலமாகப் பின்னணி. 1992-இல் வந்த ‘ரோஜா’வின் நாயகிக்குச் சுந்தரபாண்டியபுரம்தான் ஊர். 2005-இல் வந்த ‘அந்நிய’னின் ஒரு பாட்டுக்காக இந்தப் பக்கத்துப் பாறைகளில் நட்சத்திரங்களின் முகங்களைத் தீட்டினார்கள். பாட்டு சில நிமிடம். இருபது ஆண்டு கடந்தும் அது அந்நியன் பாறை. அதற்கு முன்பு அந்தப் பாறைக்கு என்ன பெயர் என்று கேட்டால் இன்றைய பிள்ளைகள் விழிக்கிறார்கள். 2023 ஏப்ரலில் ‘கேப்டன் மில்லர்’ படப்பிடிப்பு தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் உரிய அனுமதியின்றி நடப்பதாகப் புகார் எழுந்தது. மாவட்ட ஆட்சியர் படப்பிடிப்பை நிறுத்தினார். புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம், வெடிச்சத்தம் விலங்குகளைக் கலைக்கும் என்பது ஊராரின் முறையீடு. பின்னர் அனுமதி கிடைத்தது; படம் 2024 ஜனவரி 12 அன்று வெளிவந்தது. நாங்களும் பார்த்தோம். வெள்ளையனையும் ஜமீனையும் எதிர்த்து, கோயிலுக்குள் நுழையவிடாமல் வைக்கப்பட்ட சனத்தின் பக்கம் நிற்கும் படம் அது. அந்த நோக்கம் எங்களுக்குப் பிடித்தது. ஆனால் துப்பாக்கி ஓயாத பிற்பாதியில், யாருக்காகச் சுடுகிறார்களோ அந்தச் சனத்தின் முகமே புகையில் மறைந்துபோயிற்று. ஊராரின் பக்கம் நிற்கும் கதையை எடுக்க வந்தவர்கள், எடுக்கும் இடத்து ஊராரிடம் முதலிலேயே பேசியிருக்கலாம் அல்லவா? இதை வேறு எந்த ஊர் விமர்சகரும் எழுதியதாக எங்கள் கண்ணில் படவில்லை, படாதது இயல்பே. மத்தளம்பாறையின் குரலை மத்தளம்பாறைக்குப் பக்கத்தில் இருப்பவன்தான் சொல்ல முடியும். எங்கள் மலை வேண்டும், எங்கள் அருவி வேண்டும், எங்கள் சாரல் வேண்டும், எங்கள் டிக்கெட் காசும் வேண்டும். எங்கள் கருத்து மட்டும் மூன்று நாள் வெளியே நிற்க வேண்டும் என்றால் எப்படி?

வேடிக்கை என்னவென்றால், பார்வையாளனின் அறிவைக் கொண்டாடிக் காசு பார்த்ததும் இதே தொழில்தான். 2015-இல் வந்த ‘பாபநாசம்’ படத்தின் சுயம்புலிங்கம் யார்? அதிகம் படிக்காதவன், கேபிள் டிவி நடத்துகிறவன், இரவெல்லாம் படம் பார்க்கிறவன். பார்த்த படங்களிலிருந்து கற்றதை வைத்தே ஒரு காவல்துறையையே திணறவைத்துத் தன் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். திரைக்குள் இருக்கும் பார்வையாளன் என்றால் மேதை; திரைக்கு வெளியே வந்து பேசினால் அவன் படத்தைக் கெடுப்பவன்!

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்த்தரப்பில் இருக்கும் நியாயத்தையும் சொல்லாமல் விடுவது அழகல்ல. வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பார்வையாளனுக்குப் பெரிய உபகாரம் எதுவும் செய்துவிடவில்லை. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து கண் கூசி நிற்பவன் முகத்தில் மைக்கை நீட்டினால் அவன் படத்தைப் பற்றிப் பேசமாட்டான்; கேமராவுக்காகப் பேசுவான். சத்தமாகத் திட்டினால் ஆயிரம் பேர் பார்ப்பார்கள், அளந்து பேசினால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதை அவன் இரண்டாம் முறையிலேயே கற்றுக்கொள்கிறான். காசு வாங்கிப் புகழ்வதும் காசு வாங்கி இகழ்வதும் நடக்கின்றன என்ற குற்றச்சாட்டையும் நாங்கள் தள்ளிவிடவில்லை. நடிகையின் உடலைப் பற்றியும் இயக்குநரின் சாதியைப் பற்றியும் பேசுவது விமர்சனம் ஆகாது. அவதூறுக்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது, அதன்படி வழக்குத் தொடுக்கட்டும். ஆனால் நாலு பேர் கள்ள நோட்டு அடிக்கிறார்கள் என்பதற்காக ஊரில் ஒருவரும் காசையே தொடக்கூடாது என்று உத்தரவு போடுவதில்லை. மேலும், காசு கொடுத்துப் புகழவைக்கும் வழக்கத்தை முதலில் வளர்த்தது பார்வையாளனா, தயாரிப்பாளரா என்ற கேள்வியையும் அந்தச் சங்கம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக எங்களைப் போன்றவர்களிடமே ஒரு சண்டை இருக்கிறது. இலக்கியம் படிப்பவர்கள், உலகத் திரைப்பட விழாக்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள், “வெகுசனப் படத்தைப் பற்றி என்ன பேச்சு, அதற்கென்று ஒரு தகுதி வேண்டாமா?” என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். தயாரிப்பாளர் சங்கம் மூன்று நாள் வாய்ப்பூட்டு கேட்கிறது. இவர்கள் ஆயுள் முழுவதற்கும் கேட்கிறார்கள். வேறுபாடு அவ்வளவே.

அவர்களுக்குக் குற்றாலத்தை நினைவூட்டுகிறோம். தம் கடைசிக் காலத்தை இங்கேதான் கழித்தார் டி.கே. சிதம்பரநாத முதலியார். அவர் புலவர் பட்டம் பெற்றவர் அல்லர், சட்டம் படித்தவர். தாமாகக் காவியம் எதையும் இயற்றவில்லை. பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவரையும் சொல்லவைப்பார். இது கம்பன் பாட்டு, இது யாரோ இடையில் செருகியது என்று தம் செவியையும் நெஞ்சையும் நம்பித் தீர்ப்புச் சொன்னார். பண்டிதர்கள் கொதித்தார்கள். எந்தச் சுவடியைக் கொண்டு முடிவு செய்தார் என்று கேட்டார்கள். அவர் தீர்ப்புகளில் பலவற்றை நாங்களும் ஏற்கமாட்டோம். ஆனால் 1954-இல் அவர் மறைந்த பின்னும் தமிழ்நாடு அவரை எந்தப் பெயரால் நினைக்கிறது? ரசிகமணி. எழுதியவனுக்கு மட்டுமே மகுடம் சூட்டிப் பழகிய மொழியில், ரசித்தவனுக்கென்று ஒரு மகுடம் கிடைத்தது அவர் தலைக்குத்தான். அவர் வீட்டிற்கு ராஜாஜியும் கல்கியும் தேடிவந்தது ஒரு ரசிகனின் கருத்தைக் கேட்கத்தான். பின்னாளில் இதே குற்றாலத்தில் கவிதைப் பட்டறைகளைக் கூட்டிய கலாப்ரியா, எம்.ஜி.ஆர். ரசிகனாகத் திருநெல்வேலித் திரையரங்குகளில் கழித்த நாட்களை ‘நினைவின் தாழ்வார’ங்களில் கூச்சமின்றி எழுதினார். நவீன கவிதைக்கும் தரை டிக்கெட்டுக்கும் நடுவே சுவர் எழுப்ப அவருக்குத் தேவை இருக்கவில்லை. நமக்கு மட்டும் ஏன்?

ரசிகமணியிடமிருந்து சாதாரணப் பார்வையாளனும் ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும். பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு அவர் நின்றதில்லை. எந்தச் சொல்லில் பிடித்தது, எந்தச் சொல்லில் இடறியது என்று விரல் வைத்துக் காட்டினார். “மொக்கை” என்ற ஒரு சொல் கருத்து ஆகாது. “மாஸ்” என்பதும் ஆகாது. எந்தக் காட்சியில் செல்பேசியை எடுத்துப் பார்த்தோம், எந்தக் காட்சியில் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தோம் என்று சொல்லத் தெரிந்துவிட்டால் போதும். அதற்கு மைக் வேண்டாம், பட்டம் வேண்டாம், மூன்று நாள் தவணையும் வேண்டாம்.

திரைத்தொழிலில் எல்லாம் விலைக்குக் கிடைக்கிறது. முகம், குரல், மலை, மழை, மேடையில் சொல்லப்படும் பாராட்டு, எல்லாவற்றிற்கும் விலை உண்டு. விலைக்குக் கிடைக்காத சரக்கு ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் ஆட்டம் முடிந்து, தென்காசியிலிருந்து குற்றாலத்திற்கு ஐந்து கிலோமீட்டர் சாரலில் நனைந்தபடி வண்டியில் போகும்போது, பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் காதில் சொல்லும் அந்த வார்த்தை. அதைத் தடுக்க எந்தச் சங்கத்தாலும் முடியாது என்று எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரிந்திருப்பதால்தான் நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் நாங்கள் டிக்கெட் வாங்குவோம். சனிக்கிழமை காலையில் பேசுவோம்.